ஊறாத தரை, உலரும் சுவர்

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில் நிற்கும் பரதேசி ஜெபாலயம் 1568-இல் எழுந்தது. அதன் இன்றைய தரைக்கு அவ்வளவு வயதில்லை. கொச்சியின் பெருவணிகர் எசக்கியேல் ரஹாபி 1762-இல் சீனத்துக் கான்டனிலிருந்து கப்பலில் வரவழைத்த பீங்கான் ஓடுகள் அங்கே பதிந்திருக்கின்றன. வெள்ளைப் பரப்பில் நீலச் சித்திரம். ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் கால்கள் நடந்தும் அந்த நீலம் மறையவில்லை.

ஜெபாலயத்தை ஒட்டினாற்போல இருக்கிறது மட்டாஞ்சேரி அரண்மனை. 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தது. பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்துப் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்றே பெயர் நின்றுவிட்டது. அதன் தரை பார்வைக்கு மெருகேற்றிய கறுப்புச் சலவைக்கல். உண்மையில் அதில் கல்லே கிடையாது. சுட்ட தேங்காய்ச் சிரட்டை, கரி, சுண்ணாம்பு, செடிச் சாறு, முட்டை வெண்கரு எல்லாவற்றையும் குழைத்துப் பூசித் தேய்த்த தரை அது.

ஒரு தரை கடல் கடந்து வந்தது. மற்றது கொல்லைப்புறத்திலிருந்தே வந்தது. பழைய கட்டடத்துக்கு எந்தத் தரை, எந்தச் சுவர்ப்பூச்சு என்ற கேள்வி கொச்சியில் இன்றும் எழுகிறது. அங்கிருந்து தெற்கே சுமார் 10 கி.மீ. போனால், காயல் சூழ்ந்த கும்பளங்கியில் அந்தக் கேள்வி கடுமையாகவே எழுகிறது.

வாசலுக்கு வரும் உப்பு

மாதிரிச் சுற்றுலாக் கிராமம் என்று பேரெடுத்த ஊர் கும்பளங்கி. சீனவலைகளும், மழைக்காலத்தில் பொக்காளி நெல்லும் மற்ற மாதங்களில் இறாலும் விளையும் வயல்களும் பார்க்க வருபவர்களுக்குத் தெரியும். வீடு கட்டியவர்களுக்குத் தெரிவது வேறு. கார்த்திகை பிறந்தால் ஓதம் ஏறும்; முற்றத்தில் உப்புத் தண்ணீர் நிற்கும்; சில நாட்களில் அது வாசற்படி தாண்டி வீட்டுக்குள்ளும் வரும். மலையாளிகள் இதை விருச்சிக வேலியேற்றம் என்கிறார்கள்.

கொச்சியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அவ்வளவு சிறிய ஓதம் மழையில்லாத மாதங்களில் ஏன் வீட்டுக்குள் வருகிறது? தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலேறுகிறது. குளிர்நீர் அடர்த்தி மிக்கது; ஆகவே கடல்மட்டம் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். பருவம் மாறியதும் வெதுவெதுப்பான, உப்புக் குறைந்த நீர் வந்து கரையோரம் சேர, மட்டம் எழுகிறது. அமாவாசை, பௌர்ணமி ஓதங்கள் இந்த உயர்ந்த மட்டத்தின் மேல் ஏறி நிற்கின்றன. வண்டல் படிந்து ஆழம் குறைந்த காயலும் கால்வாய்களும் அந்த நீரைத் தாங்க முடியாமல் கரைக்கு மேலே தள்ளுகின்றன.

மழைக்காலத்தில் இதே காயல்நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் அதன் உப்பு கடல்நீரை நெருங்கும். கடல்நீர் ஒரு லிட்டரில் கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு உண்டு. தண்ணீர் வடிந்துவிடும், தரையைக் கழுவிவிடலாம். ஆனால் சுவர் குடித்த உப்பு சுவரிலேயே தங்கிவிடும்.

சுவர் எப்படிக் குடிக்கிறது

செங்கல்லும் வெட்டுக்கல்லும் சிமென்ட் பூச்சும் கண்ணுக்குத் தெரியாத துளைகளால் நிறைந்தவை. சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை நீர் உறிஞ்சலாம் என்று இந்தியத் தர விதியே இடம் கொடுக்கிறது. 3 கிலோ செங்கல் ஒன்று 600 மில்லி தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று இதற்குப் பொருள்.

விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல இந்தத் துளைகள் நீரை மேலே இழுக்கின்றன. துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள துளையில் நீர் 15 செ.மீ. ஏறும். அதில் பத்தில் ஒரு பங்கு ஆரம் என்றால் ஒன்றரை மீட்டர். சுவர் முழுவதும் நனையாமல் இருப்பதற்குக் காரணம், ஏறும் நீர் வழியிலேயே பக்கவாட்டில் ஆவியாகிவிடுவதுதான். ஏறுவதும் உலர்வதும் சமமாகும் உயரத்தில் ஈரம் நின்றுவிடுகிறது. பழைய வீடுகளில் முழங்கால் அளவிலோ இடுப்பளவிலோ ஒரு கோடு கிழித்தாற்போலச் சாயம் வெளுத்து, காரை பொரிந்து கிடக்குமே, அந்த இடம்தான் அது.

நீர் ஆவியாகும்போது உப்பை எடுத்துப் போவதில்லை. துளைக்குள் மிஞ்சும் கரைசல் செறிவாகிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் உப்புப் படிகமாகிறது. படிகம் துளையை நிரப்பியபின்னும் கரைசலிலிருந்து உப்பை வாங்கி வளரப் பார்க்கும். இடம் இல்லாததால் துளையின் சுவரைத் தள்ளும். அந்த அழுத்தம் செங்கல்லும் பூச்சும் தாங்கும் இழுவிசையை மிஞ்சிவிடுகிறது. மாவாக உதிரும் சுவரில் நாம் பார்ப்பது இந்தத் தள்ளலின் விளைவை.

கறியுப்புக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை வாங்கிக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். மழைக்காலம் முழுவதும் கொச்சிக் காற்று இந்த எல்லைக்கு மேலேயே இருப்பதால் உப்பு கரைந்தே கிடக்கும். மார்கழி, தை மாதங்களிலோ விடியற்காலையில் எல்லைக்கு மேலே, பிற்பகலில் கீழே என்று நாள்தோறும் ஊசலாட்டம். தினம் ஒருமுறை கரைவு, தினம் ஒருமுறை படிகம், தினம் ஒரு தள்ளல். ஓதம் உப்பைக் கொண்டுவரும் மாதங்களும் காற்று அதைப் படிகமாக்கும் மாதங்களும் ஒன்றாகவே வந்து சேர்வதுதான் இந்தக் கரையோர வீடுகளின் கெடுவாய்ப்பு.

மூடினால் தீருமா?

பொரிந்த சுவரைக் கண்டதும் நம் கை தன்னால் செய்யும் வேலை ஒன்று உண்டு. கொத்திவிட்டு சிமென்ட் கலவையைக் கெட்டியாகப் பூசுவது; பட்டி பார்த்துப் பளபளக்கும் பெயின்ட் அடிப்பது; அதுவும் போதாவிட்டால் இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டி மறைப்பது. ஓரிரு வருடம் சுவர் புதுசாகவே இருக்கும். அப்புறம் டைல்ஸுக்கு மேலே ஓர் அடி உயரத்தில் அதே வெளுப்பு தோன்றும்.

கீழிருந்து நீர் ஏறுவது நிற்கவில்லை. பக்கவாட்டில் உலரும் வழி மட்டும் அடைபட்டது. உலராத ஈரம் உலரக் கிடைக்கும் உயரம்வரை ஏறிப் போகிறது. பூச்சுக்குப் பின்னால் படிகமாகும் உப்பு பூச்சையே பலகையாகப் பெயர்த்துத் தள்ளுகிறது. ஜிப்சம் பூச்சு இங்கே இன்னும் ஆபத்து, ஏனென்றால் ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையக்கூடியது. மாடி அறைக்கு அழகு. ஓதம் ஏறும் ஊரில் தரைத்தளத்துச் சுவருக்கு ஆகாது.

கொச்சியின் பழைய கட்டடங்களில் இருந்தது சுண்ணாம்புப் பூச்சு. அதற்கு மூலப்பொருள் காயலிலேயே கிடைத்தது. வேம்பநாட்டுக் காயலின் அடியில் காலங்காலமாகப் படிந்த கிளிஞ்சல் ஓடுகள் ஏராளம். அவற்றை நம்பியே கோட்டயம் நாட்டகத்தில் திருவாங்கூர் சிமென்ட்ஸ் ஆலை வெள்ளை சிமென்ட் தயாரித்து, அதற்கு வேம்பநாடு என்றே பெயரும் வைத்தது.

கிளிஞ்சல் சுண்ணாம்பின் வேதியியல் ஒரு முழுச் சுற்று. கிளிஞ்சலைக் காளவாயில் 900 டிகிரி செல்சியஸ் அளவில் நீற்றினால் 1 கிலோவில் 440 கிராம் கரியமில வாயுவாகப் போய், 560 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் கொதித்துப் பூத்து நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு சேர்த்துச் சுவரில் பூசியபின், காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கிளிஞ்சலின் பொருளாகவே, கால்சியம் கார்பனேட்டாகவே இறுகுகிறது. காயலில் சிப்பியாக இருந்தது சுவரில் மெல்லிய கல்லாகத் திரும்புகிறது.

சிமென்ட் பூச்சோடு ஒப்பிட்டால் சுண்ணாம்புப் பூச்சு மென்மையானது, நீராவியை எளிதில் வெளியே விடுவது. கொத்தனார்கள் சுவர் மூச்சுவிடுகிறது என்பது இதைத்தான். ஈரம் பூச்சின் வழியே வெளியேறும். உப்பும் பூச்சிலேயே வந்து தங்கும். சில வருடங்களில் பூச்சு உதிரும், சுவர் பிழைக்கும். உதிர்வதற்கென்றே பூசப்படும் பூச்சு அது. பழங்கட்டடங்களைப் பாதுகாப்பவர்கள் இன்றும் உப்பேறிய சுவர்களில் இப்படியொரு பலிப்பூச்சைப் பூசி, உப்போடு சேர்த்துச் சுரண்டி எடுத்து, மறுபடி பூசுகிறார்கள்.

2019-இல் வந்த 'கும்பளங்கி நைட்ஸ்' படத்தில் அண்ணன் தம்பிகள் குடியிருக்கும் பூச்சு காணாத வீடு வறுமையின் அடையாளமாக நிற்கும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) வேண்டுமென்றே சுவர்களைப் பூசாமல் விட்டார். செலவு மிச்சம், செங்கல்லே அழகு என்பது அவர் வாதம். ஈரத்தின் கணக்கில் பார்த்தாலும் பூசாத சுவர் பெயின்ட்டுக்குள் புழுங்கும் சுவரைவிடச் சீக்கிரம் உலரும். ஆனால் உப்புநீர் நேராகத் தொடும் இடத்தில் பலியாவது கல்லே என்பதால், அங்கே சுண்ணாம்புப் பூச்சு இருப்பதுதான் நல்லது.

துளையை அடைத்த நெருப்பு

தரையின் கதை இதற்கு நேர்மாறு. தரையில் நீர் நிற்கும், மணல் அரைபடும், எண்ணெய் சிந்தும். அங்கே வேண்டியது துளையில்லாத பரப்பு. 1762-இல் அப்படியொரு பொருளைத் தேடியவருக்குச் சீனப் பீங்கானைவிடச் சிறந்தது உலகத்தில் கிடைத்திருக்காது. ஐரோப்பாவே அதன் சூட்சுமத்தை மைசனில் 1710 வாக்கில்தான் கண்டுபிடித்திருந்தது.

சூட்சுமம் சூட்டில் இருக்கிறது. சாதாரண ஓடும் செங்கல்லும் 900 முதல் 1,000 டிகிரியில் வேகும்; களிமண் துகள்கள் ஒட்டிக்கொள்ளும், இடையில் துளைகள் அப்படியே இருக்கும். பீங்கானில் கயோலின் என்னும் வெண்களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார் போன்ற, உருகும் குணமுள்ள கனிமமும் குவார்ட்ஸும் சேர்கின்றன. சூடு 1,200-ஐத் தாண்டி 1,300-ஐ நெருங்கும்போது ஃபெல்ட்ஸ்பார் உருகி ஓடித் துளைகளை அடைக்கிறது, ஆறியதும் கண்ணாடியாகிறது. அந்தக் கண்ணாடிக்குள் முல்லைட் என்ற ஊசி வடிவப் படிகங்கள் குறுக்கும் நெடுக்குமாக வளர்ந்து அதை உறுதிப்படுத்துகின்றன. அவ்வளவு சூட்டையும் தாங்கி நிற்கும் சாயங்கள் மிகச் சில. அவற்றில் முதன்மையானது கோபால்ட் தரும் நீலம். சீனப் பீங்கான் என்றதும் நீலமும் வெள்ளையும் நினைவுக்கு வருவதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமல்ல, உலைச் சூடும் காரணம். சாயம் மேற்பூச்சுக்கு அடியில் இருப்பதால் காலடி அதைத் தொடுவதே இல்லை.

இன்று கடைகளில் விட்ரிஃபைட் என்று விற்பது இதன் இயந்திர வடிவம்தான். பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. சர்வதேசத் தர அளவீடு டைல்ஸ்களை நீர் உறிஞ்சுவதை வைத்தே பிரிக்கிறது. 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாதது ஒரு கோடி. 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும் சுவர் டைல்ஸ் மறுகோடி. இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைட் டைல் ஒன்று ஏறத்தாழ 7 கிலோ இருக்கும். அது உறிஞ்சக்கூடியது அதிகபட்சம் 35 கிராம் தண்ணீர். அதே எடையுள்ள சுவர் டைல்ஸ் 700 கிராமுக்கு மேல் குடித்துவிடும். விலை மலிவு என்று சுவர் டைல்ஸைத் தரையில் போடுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

அரண்மனையின் கறுப்புத் தரை இதே வேலையை உலையில் வேகாமலேயே செய்தது. வெண்கருவின் புரதம் சுண்ணாம்புப் படிகங்களைப் பெரிதாக வளரவிடாமல் பிடித்து, பொடியாகவும் நெருக்கமாகவும் உருவாக வைக்கிறது. சிரட்டைக் கரியின் நுண்துகள்கள் இடைவெளிகளில் அமர்கின்றன. பிறகு தேய்ப்பு. பரப்பின் மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது ஒரு மில்லிமீட்டரில் 2,000-இல் ஒரு பங்கைவிடச் சிறுத்துவிட்டால், ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்புகிறது, முகம் தெரிகிறது. நம் காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல்லில் தேய்ப்புக்கூட இல்லை. வண்ண சிமென்ட் கலவையைக் கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றி, அதன்மேல் உலர்கலவையும் ஈரக்கலவையும் போட்டு அமுக்கி, இறுகியபின் தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடி பிரிந்து வரும்போது அதன் வழவழப்பு கல்லில் பதிந்திருக்கும். ஆனால் ஆத்தங்குடிக் கல்லும் ரெட் ஆக்சைடு தரையும் வேகாத சிமென்ட்தான், துளை உண்டு. காரைக்குடியின் வறண்ட மண்ணில் தலைமுறைகள் தாண்டும். உப்பு ஓதம் நிற்கும் தரையில் பூத்துவிடும்.

பளபளப்புக்கு விலையும் உண்டு. ஈரத்தில் வழுக்கும். டைல்ஸ் அட்டைகளில் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று போட்டிருப்பது ஒரு வேடிக்கையான சோதனையின் முடிவு. எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஒருவரை நடக்கவிட்டு, தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போவார்கள். 10 முதல் 19 டிகிரிச் சாய்வுக்குள் கால் தடுமாறினால் ஆர் 10. 27 டிகிரி வரை நின்றால் ஆர் 11. ஓதநீர் ஏறும் திண்ணைக்கும் முற்றத்துக்கும் ஆர் 11-ஐக் கேட்டு வாங்கலாம்.

ஒரே மழையின் இரண்டு பிள்ளைகள்

கேரளச் சுவரின் வெட்டுக்கல்லையும் பீங்கானின் கயோலினையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று துருச்சிவப்பு, மற்றது பால்வெள்ளை. பிறப்போ ஒன்று. வெப்பமண்டல மழை இலட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பாறையை அரிக்கும்போது, ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து பொட்டாசியம், சோடியம் எல்லாம் கரைந்து போய்க் கயோலின் மிஞ்சுகிறது. மேல்மட்டத்தில் சிலிக்காவும் கரைந்து போக, இரும்பும் அலுமினியமும் செறிந்து லேட்டரைட் ஆகிறது. கொல்லம் குண்டறையில் பூமிக்கடியிலிருந்து சீனக்களிமண் எடுக்கிறார்கள். கேரளத்தில் பல இடங்களில் மேலே சிவப்பு, அடியில் வெள்ளை.

லேட்டரைட் என்ற பெயரே கேரளத்தில் பிறந்தது. பிரான்சிஸ் புக்கானன் மலப்புறத்து அங்காடிப்புறத்தில் இந்தக் கல்லைப் பார்த்து, 1807-இல் வெளியான பயண நூலில் அதற்குப் பெயரிட்டார். மண்ணுக்குள் இருக்கும்போது இரும்புக் கருவியால் வெட்டலாம். வெளியே எடுத்துக் காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும் என்பதை அவர் வியந்து எழுதியிருக்கிறார். வண்டல் தீவான கும்பளங்கியில் இந்தக் கல் விளைவதில்லை. மேட்டு நிலத்திலிருந்து வர வேண்டும். துளை நிறைந்த கல் ஆதலால் அதற்கும் உலரும் பூச்சு வேண்டும்.

தரையும் சுவரும் சந்திக்கும் மூலை

ஊறாத தரை, உலரும் சுவர் என்று இரண்டையும் தனித்தனியே தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்துவிடாது. பழைய மண் தரையும் சுண்ணாம்புத் தரையும் அடியிலிருந்து வரும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிக்கொண்டிருந்தன. அதை விட்ரிஃபைட் டைல்ஸால் மூடினால் ஈரத்துக்கு வெளியேறும் பரப்பு குறைந்து, மிச்சமிருக்கும் வழி சுவராகிறது. தரை போட்ட மறு வருடம் சுவர் கெட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையே நீர் ஏறாமல் தடுக்கும் டி.பி.சி. இருக்கிறதா, பழுதாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பிறகு கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்து, வெளியே பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் கூட்டி அள்ள வேண்டும்; தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். அடுத்தது காயவிடுவது. பழங்கட்டடம் பேணுபவர்களின் கணக்கு ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம். 9 அங்குலச் சுவர் காய முக்கால் வருடம் ஆகலாம். அதற்குப் பிறகே சுண்ணாம்புப் பூச்சு, வெள்ளையடிப்பு. பூச்சுக்கு உப்பில்லாத மணலும் நல்ல தண்ணீரும் வேண்டும். காயல்நீரில் கலவை போட்டால் நாமே உப்பை உள்ளே வைத்துப் பூசியதாகும். தரை கடைசி.

டைல்ஸ் கடையில் எல்லோரும் முகப்பைப் பார்க்கிறார்கள். நீங்கள் டைலைத் திருப்பிப் போட்டு, மெருகில்லாத முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு அப்படியே நின்றால் அது தரைக்கு; உடனே உள்ளே இறங்கினால் சுவருக்கு. கடலூரானாலும் தூத்துக்குடியானாலும் கும்பளங்கியானாலும், கடல் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் நிறத்தைப் பிறகு தேர்ந்துகொள்ளலாம். முதலில் சுவரைக் காயவிடுங்கள்.